ஆண் செடியைப் பிடுங்கி எறியாதீர்கள்

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்பூர்வம். ஒன்டாரியோவில் ஒரு வீட்டில் 4 செடிகள் வரை வளர்க்கலாம். நானும் வளர்க்கிறேன், பழைய நாட்டு ரகங்களை மட்டும், விதையிலிருந்து.

இந்துகுஷ் மலை ரகம் குட்டை, அகன்ற இலை, சீக்கிரம் பூத்துவிடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ரகங்களோ ஒல்லி இலையோடு கூரையை முட்டும். பூத்து முடிய மூன்று மாதத்துக்கும் மேலாகலாம். வீட்டுக்குள் தினமும் சுமார் 12 மணி நேரம் முழு இருட்டு கொடுத்தால்தான் மொட்டு வைக்கும். கதவிடுக்கில் வெளிச்சம் கசிந்தாலும் குழம்பிப்போகலாம்.

கணுவில் இரண்டு வெள்ளை இழைகள் நீட்டினால் பெண். காம்போடு குட்டி உருண்டை தெரிந்தால் ஆண். அந்த ஆணைத்தான் எல்லோரும் முதலில் பிடுங்கி எறிகிறார்கள், பயன்படுவது பெண் பூதான், அதில் விதை பிடித்துவிடுமே என்று! இப்போது பெரும்பாலும் பெண் செடிகளையே தரும் விதைகள்தான் அதிகம் விற்பனையாகின்றன. இப்படியே போனால் பழைய ரகங்களுக்கு வாரிசு ஏது?

நான் ஆண் செடியைத் தனி அறையில் வைத்துக் காப்பாற்றுகிறேன். அதன் மகரந்தத்தைத் தூரிகையால் ஒரே ஒரு பெண் கிளைக்குத் தடவுகிறேன். நான்கு செடிகளில் ஒரு ரகத்தின் முழு மரபு வளத்தையும் காக்க முடியாதுதான். நாட்டு ரகம் வைத்திருக்கும் ஒன்டாரியோ நண்பர்களே, நீங்களும் ஓர் ஆணை விட்டுவையுங்கள்.