கிளம்பும் முன் டூல்ஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள்

நாமக்கல்லில் இருந்து நாக்பூர் சுமார் 1,300 கிலோமீட்டர். 16 வருஷமாக அந்த லைனில்தான் லாரி ஓட்டுகிறேன். புதிதாக ஸ்டியரிங் பிடிக்கிற தம்பிகள் என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று கேட்பார்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், நட்டு இறுகிப்போனால் ஸ்பேனரில் சொருக ஒரு நீளமான பைப், காற்று ஹோஸ், ஃபேன் பெல்ட், ஃபியூஸ், பல்பு, இதெல்லாம் யாரும் சொல்லாமலே எல்லோரிடமும் இருக்கும். புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ் 6 வண்டி என்றால், புகையைச் சுத்தமாக்க ஊற்றுகிற யூரியா கரைசல் கேன் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், அது தீர்ந்தால் வண்டி இழுக்காது.

நான் சொல்ல நினைப்பது யாரும் மதிக்காத சாமான்களைத்தான். முதலில் கட்டை, இரண்டு வேண்டும். தொப்பூர் மாதிரி சரிவில் நின்றுவிட்டால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஏற்றம் என்றால் டயருக்குப் பின்னால், இறக்கம் என்றால் முன்னால், கட்டையை நன்றாக அடித்து இறுக்கிவிட்டு அப்புறம் குனியுங்கள்.

அடுத்தது ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகை. தெலங்கானாவில் ஆதிலாபாத் தாண்டி ஒரு மழை ராத்திரியில் பின்பக்க டயர் போய்விட்டது, ஜாக்கியை அடிக்க அடிக்க வண்டி ஏறவே இல்லை, ஜாக்கிதான் சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போனது. விடியற்காலை ஒரு பஞ்சாப் வண்டிக்காரர் நிறுத்தி, தன் பலகையைக் கொடுத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் அதுதான் என் பெட்டியில் இருக்கிறது.

ஒரு முழ இரும்புக் கம்பியும் வேண்டும். ஜோடி டயரில் உள் டயர் காற்று இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது, வெளி டயர் தாங்கிக்கொண்டிருக்கும், சூடேறி அதுவும் வெடிக்கும். டீக்கு நிறுத்தும்போதெல்லாம் தட்டிப் பாருங்கள். காற்று இருந்தால் கம்பி துள்ளித் திரும்பும், இல்லாவிட்டால் 'பொத்'தென்று அமுங்கும்.

கடைசியாக, வண்டி ரோட்டில் நின்றுவிட்டால் பின்னால் வைக்கிற சிவப்பு முக்கோண ரிஃப்ளெக்டர். அது இல்லாமல்தான் ரோட்டில் கல்லை வரிசையாக வைத்துத் தழையை ஒடித்துப் போடுகிறோம். டயர் மாற்றியதும் வண்டி போய்விடுகிறது, கல் அங்கேயே கிடக்கிறது. இருட்டில் பைக்கில் குடும்பத்தோடு வருகிறவருக்கு அது எப்படித் தெரியும்? போன மாதம்கூட கிருஷ்ணகிரி பக்கம் ஹசார்ட் லைட்டைப் போட்டு ஓரம்கட்டி, யாரோ விட்டுப்போன ஏழு கற்களைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுத்தான் கிளம்பினேன்.