மணல் ஏன் சாம்பலா இருக்கு?

நம்ம பள்ளிக்கூட பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொல்லி செயலாளர் போன் பண்ணப்பவே சொல்லிட்டேன், பிரேயர், பிரம்படி, கிரவுண்டு, பெல்லடிக்கிற அண்ணன் இதெல்லாம் போன மலர்லயே நாலு பேரு எழுதியாச்சு, நான் வேற எழுதுறேன்னு. நம்ம டிராயிங் சார் சனிக்கிழமை சனிக்கிழமை புங்கை மரத்தடியில நடத்துன, நாங்க எடுத்த படத்த வச்சு பேசுற போட்டோ கூட்டம் எத்தன பேருக்கு ஞாபகம் இருக்குன்னு தெரியல. 90கள் ஆரம்பத்துல படிச்ச செட்டுக்கு கண்டிப்பா இருக்கும்.

கேமராவா இருந்துச்சு அப்ப? ரெண்டு மூணு பேருகிட்ட ஹாட் ஷாட், ஒருத்தன்கிட்ட யாஷிகா எம்எஃப் 2, அப்புறம் கீழக்கரை பையன் ஒருத்தனோட வாப்பா சிங்கப்பூர்லேருந்து கொண்டாந்த பென்டாக்ஸ் கே1000, அத தொட்டுப் பாக்கவே வரிசை கட்டி நிப்போம். 36 படம் உள்ள ரோல் ஒண்ண நாலு பேரு காசு போட்டு வாங்கி ஆளுக்கு ஒம்பது படம்னு பங்கு. ராம்நாட்டுல ஸ்டுடியோவுல குடுத்தா அவங்க மதுரைக்கு பஸ்ல போட்டுவிட்டு பிரிண்ட் வர்றதுக்குள்ள நாம என்ன எடுத்தோம்னே மறந்து போயிருக்கும். அப்படி வந்த படத்த பத்தி நாலு பேரு முன்னாடி ஒருத்தன் குத்தம் சொன்னா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க.

அதுக்குத்தான் சார் சட்டம் போட்டு வச்சிருந்தாரு. படம் எடுத்தவன் வாயத் திறக்கக் கூடாது. பாக்குறவன் "நல்லாருக்கு"ன்னு சொல்லக் கூடாது, "நல்லால்ல"ன்னும் சொல்லக் கூடாது. படம் கை மாறி கை மாறிப் போகும், ஒவ்வொருத்தனும் சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், கண்ணு முதல்ல எங்க போய் உக்காந்துச்சு, அங்கேருந்து எங்க போச்சு. எல்லாரும் சொல்லி முடிச்சப்புறம்தான் எடுத்தவன் "நான் எடுக்க நெனச்சது இது"ன்னு சொல்லணும். அவன் நெனச்சதும் நாங்க பாத்ததும் ஒண்ணா இருந்துச்சுன்னா அடுத்த படம். இல்லைன்னாதான் பேச்சே ஆரம்பிக்கும். இத்தன வருசத்துல நான் எத்தனையோ போட்டோ வகுப்புக்கு காசு கட்டி போயிருக்கேன், இத விட உருப்படியான முறைய எவனும் சொல்லித் தரல.

ஒரு படம் இன்னும் கண்ணுல நிக்குது. உச்சிப்புளி பக்கம் அரியமான்ல கரைவலை இழுக்குறத ஒருத்தன் எடுத்திருந்தான், வரிசையா ஆளுங்க முதுகு, கயிறு, தூரத்துல கடல். கூட்டத்துல அத்தன பேரும் சொன்னது, "கண்ணு அந்த செவப்பு கொடத்துக்குப் போச்சு சார்". மூலையில ஒரு பிளாஸ்டிக் கொடம் கிடந்துருக்கு, எடுத்தவன் அத பாக்கவே இல்ல, அவனுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. சார் பையிலேருந்து ரெண்டு அட்டைய எடுத்தாரு, கல்யாண பத்திரிகை அட்டைய ட எழுத்து மாதிரி வெட்டினது, ரெண்டையும் எதிரெதிரா வச்சு நகத்துனா எந்த அளவுக்கு வேணா ஃபிரேம் கிடைக்கும். முதல்ல கொடத்த மறைச்சாரு, படம் சுத்தமாச்சு ஆனா உயிரே இல்ல. அப்புறம் அட்டைய இங்கிட்டு நகத்தி முக்காவாசி ஆளுங்கள வெளிய தள்ளிட்டு கயிறு பிடிச்ச ஒரு கிழவர் கை, அதுக்கு பின்னால அந்த கொடம், இவ்வளவு மட்டும் விட்டாரு. தீப்பெட்டி அளவு கூட இல்ல அந்த படம். எல்லாரும் கம்முனு ஆயிட்டோம். கொடத்த தொலைக்கணும்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம், கொடத்துக்காகத்தான் அந்த படமே இருந்துருக்கு.

தலைப்புக்கு வர்றேன். எங்க படம் எல்லாத்துலயும் மணல் சாம்பலா வரும். தனுஷ்கோடி மணல் நேர்ல பாத்தா கண்ணு கூசும், பிரிண்ட்ல பாத்தா சிமெண்ட் கொட்டுன மாதிரி இருக்கும். கே1000ல வெளிச்சம் அளக்குற மீட்டரோட ஊசி நடுவுல நிக்கிற வரைக்கும் திருப்பிட்டு எடுத்தா எல்லாம் சரின்னு நெனச்சோம். ஆனா மீட்டருக்கு மணலும் தெரியாது கரியும் தெரியாது, எத காட்டினாலும் அது 18 சதவீத வெளிச்சத்த திருப்புற நடுத்தர சாம்பல்னு நெனச்சுக்கிட்டு கணக்கு போடும். வெள்ள மணல காட்டினா வெளிச்சம் ரொம்ப அதிகம்னு பயந்து தேவைக்கு மேல குறைக்கச் சொல்லும், அதனால ஊசி சொல்றத விட ஒண்ணு ஒண்ணரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) கூட்டி வைக்கணும். அப்ப மீட்டரே இல்லாத ஹாட் ஷாட்ல எடுத்ததும் ஏன் சாம்பலா வருதுன்னு ஒருத்தன் கேட்டான் பாருங்க, அருமையான கேள்வி. லேப்ல பிரிண்ட் போடுற மெஷினும் அதே சாம்பல் கணக்குதான் போடும், அதான். அதனால சார் குறை சொல்றதுக்கு முன்னாடி நெகடிவ கேப்பாரு, அதுல வெளிச்சமான எடம் கருப்பாத்தான் விழும், வெயில்ல தூக்கிப் பிடிச்சு மணல் இருக்குற எடம் நல்லா அடர்த்தியா கருப்பா இருந்தா "உன் மேல தப்பில்ல, லேப்காரன்கிட்ட திருப்பி போடச் சொல்லு"ம்பாரு, நெகடிவே வெளிறிப் போயிருந்தாத்தான் நம்ம தலையில குட்டு. யாரு செஞ்ச தப்புன்னு தெரிஞ்சுக்காம விமர்சனம் பண்றது இன்னைக்கும் நடக்குது, வாட்ஸ்அப்ல வந்த படத்த பாத்துட்டு "ஷார்ப்னெஸ் பத்தல"ன்னு சொல்ற ஆளுங்க நம்ம சங்கத்துலயே இருக்காங்க. வாட்ஸ்அப் படத்த நசுக்கித்தான் அனுப்பும், டாகுமெண்டா அனுப்பச் சொல்லி வாங்கிப் பாத்துட்டு அப்புறம் பேசுங்கப்பா.

சார விட பெரிய விமர்சகர் ஒருத்தர் உண்டு, மண்டபத்துல வள்ளம் வச்சிருந்த எங்க மாமா. கேமராவ கையால தொட்டது கிடையாது. ஒரு தடவ என் கூட்டாளி எடுத்த வள்ளம் படத்த காட்டினேன், அணியம், அதான் வள்ளத்தோட முன்பக்கம், படத்தோட ஓரத்த முட்டுற மாதிரி எடுத்திருந்தான். பாத்துட்டு "ஏம்ப்பா இது எங்கிட்டு போறது, முன்னால தண்ணியவே காணோமே"ன்னாரு. போற பொருளுக்கு முன்னால எடம் விடுன்னு புத்தகத்துல ஒரு பக்கம் எழுதி வச்சிருப்பான், அவரு ஒரே வரியில முடிச்சிட்டாரு. இன்னொரு படத்துக்கு கீழ "ஆடி மாத வடகடல் சீற்றம்"னு அவன் அழகா எழுதி வச்சிருந்தான். (எங்களுக்கு பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தெக்கு கடல்; கச்சான்னா தென்மேற்குக் காத்து, வாடைன்னா வடகிழக்குக் காத்து.) "ஆடியில வடகடல்ல எங்கடா அல? கச்சான் காத்துக்கு தெக்கு கடல்தான் குமுறும், வடகடல் கொளம் மாதிரி கெடக்கும். வாடை பொறந்தா அந்த குமுறல் வடக்கு வரும். இத தெக்குத் தெருவுல நின்னு எடுத்துட்டு வடக்குன்னு எழுதியிருக்கான்"ன்னாரு மாமா. கடலப் பத்தி ஒண்ணுமே தெரியாதவன் அந்த தலைப்ப பாத்து கை தட்டியிருப்பான்.

எல்லா விமர்சனமும் வெளிச்சம், ஃபிரேம் இத பத்தியே இருக்கணும்னு இல்ல. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போற அம்மாக்களை ஒருத்தன் எடுத்துட்டு வந்தான், விரல்ல துணி சுத்திக்கிட்டு ஈரச் சேலையோட கரையேறுறாங்க, படம்னு பாத்தா பிரமாதம். நம்ம செட்டு பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு, "அந்தம்மாகிட்ட கேட்டியா?". அவ்வளவுதான். கண்ணு எங்க போச்சுன்னு யாரும் சொல்லல. சார் படத்த கவுத்து வச்சுட்டு அடுத்ததுக்குப் போயிட்டாரு. அடுத்த சனிக்கிழமைக்கு முன்னாடி அவன் திரும்பப் போய் பேசிட்டு வந்தான், ரெண்டு பேரு எடுன்னாங்களாம், ஒருத்தரு வேணாம்னுட்டாராம்.

நான் இப்ப இருக்குற அரபு வளைகுடாவுல கதையே வேற. மாசம் ஒரு கிளப்பு, போட்டி, சலூன்னு சொல்ற படக் கண்காட்சி. மெட்ராஸ்ல 1857லயே போட்டோகிராபி சொசைட்டி ஆரம்பிச்சாச்சு, அந்த பரம்பரைய நான் கொறச்சு சொல்லல, ஆனா நான் பாத்த போட்டியில எல்லாம் நடுவருங்க ஒரு படத்துக்கு சில செகண்டுதான் பாக்குறாங்க, மார்க் மட்டும் வருது, ஏன்னு வர்றதில்ல. நம்ம பையன் ஒருத்தன் தனுஷ்கோடி சர்ச் படம் அனுப்பினான், 1964 புயல்ல சிதைஞ்சு நிக்கிற அதே சர்ச்சு, முன்னாடி சங்கு, பாசிமணி விக்கிற ஒரு கடை. நடுவர் ஒருத்தர் "கடைய வெட்டிடுங்க, இடிஞ்ச கட்டடம் மட்டும் போதும்"ன்னாரு. எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு, புயல் அடிச்சு இத்தன வருசம் கழிச்சும் அங்க ஆளுங்க பொழப்பு நடத்துறாங்கங்குறதுதானே படம். ஆனா கோவம் இறங்கினப்புறம் பாத்தா அவருக்கு கண்ணு உறுத்துனதுல நியாயம் இருக்கு, கடையோட கூரையும் சர்ச் வளைவும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு நிக்குது. ரெண்டு எட்டு தள்ளி நின்னு எடுன்னு சொல்லியிருந்தா அது விமர்சனம். வெட்டுன்னது அவசரம்.

இதுக்கு எதிர்ப்பக்கம் "சூப்பர் ஜி, செம, அள்ளுது" கோஷ்டி. இவங்களால கெட்டுப்போன போட்டோகிராபர்தான் அதிகம்னு நான் சொல்லுவேன். பாம்பன் ரோடு பாலத்துல நின்னு ரயில் பாலத்த எடுக்காத ராமநாதபுரத்துக்காரன் உண்டா? 1988ல ரோடு பாலம் வந்ததுலேருந்து எல்லாரும் அதே எடத்துல நின்னு அதே படம். ஆனா ஒரு விசயம், கூட்டத்துல சப்புனு இருக்குன்னு நாங்க ஒதுக்கி வச்ச படம் ஒண்ணு உண்டு, 1914ல கட்டுன ரயில் பாலத்துல தூக்கு, அதான் கப்பலுக்காகத் தொறக்குற பகுதி, ரெண்டா பிளந்து நிக்குது, கீழ கப்பல் போகுது, வெளிச்சம் மொட்டையா இருக்கும். 2022 டிசம்பரோட அந்தப் பாலத்துல ரயில் நின்னுபோச்சு, 2025 ஏப்ரல்ல பக்கத்துல புதுப் பாலம் தொறந்தாச்சு, அதுல தூக்கு நேரா மேல ஏறும். இப்ப அந்த மொட்ட வெளிச்சப் படத்ததான் எல்லாரும் காப்பி கேக்குறாங்க. கூட்டத்துல யாரும் தப்பா சொல்லல, படம் அப்ப சப்புனுதான் இருந்துச்சு.

செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஒண்ணு கூடல்ல ஹால் சுவத்துல படம் ஒட்டுறீங்கல்ல, எடுத்தவங்க பேர முன்னாடி போடாதீங்க, பேரு தெரிஞ்சா தலைவர் எடுத்த படத்துக்கு யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. பக்கத்துல ஒரு வெள்ளத் தாளும் பேனாவும் வைங்க, பாக்குறவங்க கண்ணு எங்க போச்சுன்னு மட்டும் எழுதட்டும். பேர பின்பக்கம் பென்சில்ல எழுதி அனுப்புங்க, பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி எழுதுனா தடம் முன்பக்கம் தெரியும், வானத்துல போய் "பேட்ச் 93"ன்னு நிக்கும்.