டெலே பி2: 'எதெகான்' என்னைக் கவிழ்க்கப் பார்த்த கதை

ஸ்பானிஷ் மொழித் தேர்வான டெலேயின் பி2 நிலை ரிசல்ட் வந்துவிட்டது. ஆப்தோ, அதாவது தேர்ச்சி! வாசிப்பும் எழுத்தும் 43. கேட்டலும் பேச்சும் 31. தேர்ச்சிக்கு வேண்டிய முப்பதைத் தாண்டியது ஒரே ஒரு மதிப்பெண்ணில். மீதியை ஒற்றைச் சொல் தின்றுவிட்டது என்பது என் கட்சி. என் ஆசிரியை ஒப்புக்கொள்ளவில்லை.

வாய்மொழித் தேர்வில் புகைப்படம். மாநாட்டு வாசலில் பெயர்ப்பட்டியலோடு ஒரு பெண். மெக்சிகோ வீடியோக்களில் வளர்ந்த என் ஸ்பானிஷுக்கு அவர் 'எதெகான்', விருந்தினரைக் கவனிப்பவர். கபிதான்–கபிதானா (ஆண் கேப்டன்–பெண் கேப்டன்) பழக்கத்தில் 'லா எதெகானா' என்றேன். (பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆண்பாலுக்கு 'எல்', பெண்பாலுக்கு 'லா'.) தேர்வாளரின் புருவம் உயர்ந்தது. பதறி 'எல் எதெகான்' என்று மாற்றினேன், பெண்ணைக் காட்டிக்கொண்டே! அதன்பின் வந்த பெயரடை எதுவும் ஒரு பாலில் நிற்கவில்லை.

'லா எதெகான்' என்றிருக்க வேண்டும். சொல் அசையாது, எல்/லா மட்டும் மாறும்.

வீட்டுக்கு வந்து தோண்டினேன். பிரெஞ்சில் 'எத் தெ கான்', தளபதியின் கட்டளைகளைக் கொண்டுசெல்லும் அதிகாரி. ஸ்பானிஷ்காரர்கள் காதில் விழுந்தபடியே எழுதிக்கொண்டார்கள். நம்மூர் ஆளுநருக்குப் பின்னால் விறைப்பாக நிற்கிறாரே ஏ.டி.சி., அவரும் இதே சொல்தான். மெக்சிகோவில் அது பாசறையை விட்டு விழா மண்டபத்துக்கு வந்து, விருந்தினரைக் கவனிப்பவரானது. 1968 ஒலிம்பிக்கில் வந்தவர்களுக்கு வழிகாட்டிய இளம்பெண்களும் எதெகான்களே. அகராதிக்கு இருபாலும் ஒன்று. மெக்சிகோவில் சொன்னவுடன் மனதில் வருவது பெண். 2012 அதிபர் வேட்பாளர் விவாதத்தில் பேசும் வரிசைக்கான சீட்டுகளை ஏந்திவந்த எதெகானின் உடைதான் மறுநாள் ஊர்ப்பேச்சு. தேர்தல் அமைப்பு மன்னிப்பே கேட்டது.

தமிழில் 'உதவியாளர் வந்தார்' என்று சொல்லி, ஆணா பெண்ணா என்று கடைசிவரை காட்டாமல் தப்பிக்கலாம். அந்தச் சொகுசில்தான் நாம் மாட்டுகிறோம்.

எனவே:

- பெயர்ச்சொல்லை எல்/லா இல்லாமல் நோட்டில் ஏற்றாதீர்கள். நான் இரண்டு நிற மை வைத்திருக்கிறேன்.
- பக்கத்தில் நாட்டையும் குறியுங்கள். ஸ்பெயினில் அந்த வாசல் பெண் 'அசஃபாதா'. அரசியின் ஆடை நகைகளைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண்ணுக்கு இருந்த பெயர், பிறகு விமானத்திலும் ஏறியது.
- வாய்மொழித் தேர்வுக்குத் தயாரிப்பு நேரம் 20 நிமிடம். குறிப்புத்தாளில் முதல் வேலையாக, யாரைப் பற்றிப் பேசப்போகிறீர்களோ அவர்களுக்கு எல்/லா எழுதுங்கள். கருத்தெல்லாம் பிறகு.
- தவறினால் திருத்தாமல் நகர்ந்துவிடுங்கள். என் போன்ற பதற்றக்காரர்களுக்கு இது கட்டாயம். மற்றவர்கள் நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம்.
- கேட்டல் பகுதிக்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.