80 மில்லிமீற்றரைக் கைப்பைக்குள் அடக்கிய கதை

மட்டக்களப்பு வாவியைக் கடக்க, குருமண்வெளியில் பாதை (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவைப் படகு) ஏறி மண்டூருக்குப் போகும் நாட்களில் என் தோள்பையில் தண்ணீர்ப் போத்தல், குடை, படிவக் கட்டு, முத்திரை மை இவற்றோடு கந்தோர் மேசையில் இருந்த, தாளில் துளை போடும் இரும்புப் பஞ்சும் (punch) இருக்கும். ஒருநாள் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 480 கிராம். பாரம் ஒருபுறம் இருக்க, அதன் அடிமூடி கழன்றால் பை முழுக்கக் கடதாசிப் பொட்டுகள்தான்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வீடு வீடாகப் போய் விண்ணப்பம் நிரப்புவது என் வேலை. ஒரு வீட்டில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம் என்று ஐந்தாறு பிரதிகள் தருவார்கள். அங்கேயே துளையிட்டு டேக் (கோவை கட்டும் நூல்) போட்டுக் கட்டிவிட்டால் கவலை இல்லை. ஒருமுறை பாரத்துக்குப் பயந்து பஞ்சை விட்டுவிட்டு கிளிப் மட்டும் கொண்டு போனேன். மாரிகாலம், பாதையில் வாடைக்காற்று. சிதறிய தாள்களைப் பொறுக்கிச் சேர்த்ததில் ஒரு ஆச்சியின் காணிப் பிரதி வேறொரு குடும்பத்தின் கோவைக்குள் போய்விட்டது. அதைக் கண்டுபிடிக்க ஆறு கிழமை எடுத்தது. அதற்கிடையில் ஆச்சி இரண்டு தடவை பஸ் ஏறி வந்து வெறுங்கையோடு திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, எந்த நாளும் பையில் கிடக்கக்கூடிய ஒரு பஞ்சைச் செய்தே தீர வேண்டும் என்று தோன்றியது.

குறடு மாதிரி இருக்கும் ஒற்றைத் துளைப் பஞ்ச் கல்முனைக் கடைகளில் கிடைக்கிறது. முதலில் அதைத்தான் வாங்கினேன். ஆனால் இரண்டாவது துளையைக் கண்மதிப்பில்தான் போட வேண்டும். இரண்டு, மூன்று மில்லிமீற்றர் விலகிவிடும். டேக்குக்கு அது பரவாயில்லை. வளையக் கோவையில் மாட்டினால் தாள் இழுபட்டு ஓரம் கிழியும். இதற்கு ஐ.எஸ்.ஓ. 838 என்று ஒரு சர்வதேச நியமமே இருக்கிறது: இரண்டு துளைகளின் மையங்களுக்கும் இடையில் 80 மில்லிமீற்றர், துளையின் விட்டம் 6, தாளின் ஓரத்திலிருந்து மையம் 12. அந்த 80இல் அரை மில்லிமீற்றர்தான் கூடக் குறைய இருக்கலாம். அதைப் படித்தபோது எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. ஒரே அழுத்தில் இரண்டு துளை விழ வேண்டும் என்பதை விடலாம். 40 தாளைத் துளைக்கும் பலத்தையும் விடலாம், எனக்கு ஐந்து போதும். 80ஐ விட முடியாது.

பிறகு ஒரு இரவு எனக்குப் பெரிய யோசனையாகத் தோன்றியது இதுதான். தாளைக் குறுக்கே இரண்டாக மடித்து, மடிப்பிலிருந்து 40 மில்லிமீற்றரில் ஒரு துளை போட்டால், விரிக்கும்போது சரியாக 80இல் இரண்டு துளைகள்! கருவியின் நீளம் பாதியாகிவிடும். அட்டையில் செய்து பார்த்தேன், அழகாக வந்தது. மறுநாள் ஒரு வீட்டில் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியை மடிக்கப் போனபோது அந்த வீட்டு அம்மா, "ஐயோ பிள்ளை, அத மடிக்காதீங்க, புதுசா எடுத்தது" என்று கையைப் பிடித்துவிட்டார். அவர் சொன்னது சரி. பத்திரம் என்றால் மடிப்பு விழக்கூடாது என்று பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் காப்பாற்றும் மக்கள் அவர்கள். அந்த யோசனையை அன்றைக்கே விட்டேன்.

சாவிக்கொத்தில் தொங்கிய நகவெட்டியில்தான் அடுத்த வழி கிடைத்தது. அதன் கைப்பிடியைத் திருப்பிப் போட்டால் உடலோடு ஒட்டிப் படுத்துக்கொள்கிறது. தேவைப்படும்போது நிமிர்ந்து நெம்புகோலாகிறது. பஞ்சுக்கும் இதே கைப்பிடி போதுமே என்று படம் கீறிக்கொண்டு களுவாஞ்சிகுடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் போனேன்.

அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "மகள், கைப்பிடி கட்டையானா கைக்குப் பலம் கூட வேணும். தெரியும்தானே?" என்றார். தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கடைந்து தந்த ஊசியின் முனை தட்டையாக இருந்தது. மூன்று தாளை வைத்து அழுத்தினேன், அலுமினியக் கைப்பிடி வளைந்தது, தாளில் வட்டமாக ஒரு பள்ளம் மட்டும் விழுந்தது.

அப்போதுதான் பழைய பஞ்ச் ஒன்றைக் கழற்றிப் பார்த்தோம். அதன் ஊசியின் முனை நடுவில் குழிந்து, இரண்டு பக்கமும் கூர்மையாக இருந்தது. அந்த இரண்டு கூரும் முதலில் தாளைத் தொட்டு, அங்கிருந்து வெட்டு வட்டத்தைச் சுற்றி நகர்கிறது. முழு வட்டத்தையும் ஒரே நேரத்தில் வெட்ட வேண்டியதில்லை, அதனால் குறைந்த பலம் போதும். ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் சொன்னெக்கன் 1886இல் பஞ்சுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அவ்வளவு காலமாக மேசைமேல் கிடக்கும் ஒரு சாமானுக்குள் இப்படியொரு நுணுக்கம் இருப்பதை நான் கவனித்ததே இல்லை.

ஊசியைப் புதிதாகச் செய்யும் எண்ணத்தைக் கைவிட்டோம். பழைய இரும்புக் கடையில் உடைந்த பஞ்சுகளை வாங்கி, ஊசியையும் அதன் கீழ் இருக்கும் துளைத்தட்டையும் சேர்த்து வெட்டி எடுத்தோம். சேர்த்து என்பது முக்கியம். ஒரு பஞ்சின் ஊசியை இன்னொன்றின் தட்டோடு போட்டபோது இடைவெளி கூடிவிட்டது. தாள் வெட்டுப்படாமல் துளைக்குள் இழுபட்டது, ஓரமெல்லாம் நார். சோடி பிரியாமல் எடுத்தால், ஒரு பழைய பஞ்சிலிருந்து இரண்டு சின்னப் பஞ்சுகள் செய்யலாம்.

80 மில்லிமீற்றருக்கு ஒரு மடிக்கும் கை வைத்தோம். உடல் 55 மில்லிமீற்றர்தான். கீழே மடிந்திருக்கும் கையை விரித்தால் அதன் நுனியில் நிற்கும் சிறு முளை, ஊசியிலிருந்து சரியாக 80இல் இருக்கும். தாளின் ஓரத்தில் நடுவை மெல்லக் கிள்ளி அடையாளம் வைத்து, அதைக் கையில் கீறிய 40 கோட்டோடு பொருத்தி முதல் துளை போட வேண்டும். அந்தத் துளையை முளையில் மாட்டி இரண்டாவதைப் போட வேண்டும். தாள் ஏ4 ஆனாலும் அதைவிட நீண்ட படிவமானாலும் கணக்கு மாறாது. முளையின் விட்டம் 5.8. முதலில் 5 வைத்துப் பார்த்தோம், தாள் அதில் ஆடியது.

மிகவும் சோதித்தது அந்தக் கையின் ரிவெட். பத்து நாளில் தளர்ந்து, துளை நகரத் தொடங்கியது. மாமா உடலில் ஒரு வெட்டுப் பள்ளம் போட்டு, விரித்ததும் கையின் அடி அதில் போய் இறுகி உட்காரும்படி செய்தார், ரிவெட்டுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் வாஷரும் வைத்தார். இந்த ஒரு திருத்தத்துக்கு மட்டும் நாலு சனிக்கிழமை போனது. அவசரப்படவே மாட்டார், ஒவ்வொரு முறையும் வேர்னியர் அளவுகோலை வைத்து அளந்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி அளப்பார்.

துரு இன்னொரு தொல்லை. கடற்கரைப் பக்கம் வீடு, மாரியில் ஈரப்பை. இரண்டு கிழமை தொடாமல் விட்டால் ஊசி இறுகிவிடும். உடலை எவர்சில்வர் தகட்டுக்கு மாற்றினோம். ஊசிக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டு, பழைய தாள் ஒன்றில் நாலைந்து தரம் துளைத்தால் எண்ணெய்க் கறை பத்திரத்தில் படாது.

பொட்டுகளுக்கு வழி செய்ய மறந்தே போயிருந்தேன். சாணம் மெழுகிய திண்ணை ஒன்றில் வெள்ளைப் பொட்டுகள் சிதறியதும், வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் விளக்குமாறை எடுத்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வாரமே சிறிய மருந்துப் போத்தலின் மூடியைத் துளைத்தட்டுக்கு அடியில் பொருத்தினேன்.

இப்போது அதன் எடை 90 கிராம், ஒரே தடவையில் ஐந்து தாள். ஆச்சியின் வீட்டுக்குப் போனபோது அவருடைய பிரதிகளை அவர் முன்னாலேயே துளைத்து, டேக் போட்டு, கோவையை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டி எண்ணிவிட்டுத் திருப்பித் தந்தார்.

என்னோடு வெளிவேலைக்குப் போகும் இரண்டு பேர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நாலாவதற்குத் தகடு வெட்டி மாமாவின் பட்டறையில் கிடக்கிறது, சோடி பிரியாத ஊசி ஒன்று கிடைக்க வேண்டும்.