எம் 25: இரண்டு பாதிகளைத் தைத்த வளையம்

ஹீத்ரோ சரக்கு வாசலில் முருங்கைக்காய், பாகற்காய்ப் பெட்டிகளை ஏற்றி, கிரேவ்செண்ட் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் இறக்குவது என் இரவு வேலை. அதனால் எம் 25 நெடுஞ்சாலையின் தெற்குப் பாதி எனக்கு மனப்பாடம். பகலில் ஓடுகிற சனம் அந்த ரோட்டைத் திட்டுகிற திட்டு எல்லாருக்கும் தெரியும். இரவில் ஓடுகிறவனாக எனக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது.

வரைபடத்தில் பார்த்தால் லண்டனைச் சுற்றி அழகான வளையம், 117 மைல். ஓட்டிப் பார்த்தால்தான் தையல் தெரியும். செவனோக்ஸ் பக்கத்து 5ஆம் சந்தியைப் பாருங்கள். மேற்கிலிருந்து வருகிறவர் நேரே போனால் எம் 26இல் ஏறிவிடுவார். எம் 25இலேயே தொடர வேண்டுமென்றால் பக்கத்தால் விலகித் திரும்ப வேண்டும். டார்ட்ஃபோர்ட் பக்கமிருந்து வருகிறவருக்கும் அதே கதிதான். நேரே போனால் ஏ 21. எங்களோடு புதிதாகச் சேர்ந்த பொடியன் ஒருவன் முதல் கிழமையே நேரே போய்விட்டான். ரோதம் வரை இறங்க வழி கிடையாது. நல்ல காலம், அங்கிருந்து கிரேவ்செண்டுக்கு ஏ 227 இருக்கிறது. "அண்ணை, ரோட்டு தானாத் திரும்பும் எண்டு நினைச்சன்" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறை அந்த ரோட்டின் பிறப்பில் இருக்கிறது. 1944இல் பேட்ரிக் அபர்குரோம்பி தந்த பெருநகரத் திட்டத்திலேயே லண்டனைச் சுற்றி வளைய வீதிகள் உண்டு. 1960களில் அது 'ரிங்வே' என்ற பெயரில் நான்கு வளையங்களாக வளர்ந்தது. உள்ளே இருந்த வளையங்களைப் போட ஆயிரக்கணக்கான வீடுகளை இடித்திருக்க வேண்டும். சனம் எழும்பியது. 1973இல் நகரை ஆண்ட பெருலண்டன் கவுன்சிலில் ஆட்சி மாறியதும் அவை கைவிடப்பட்டன. மிஞ்சியவை வெளிப்புறத்து இரண்டு. மூன்றாவது வளையத்தின் வடக்கு, கிழக்குத் துண்டுகளையும் நான்காவதன் தெற்கு, மேற்குத் துண்டுகளையும் சேர்த்துத் தைத்ததுதான் இன்றைய எம் 25. 5ஆம் சந்தி அந்தத் தையல் விழுந்த இடங்களில் ஒன்று. மற்றது வாட்ஃபோர்ட் பக்கம். பழைய திட்டத்தின் எச்சமாக ஒரு சிறு கிளைவீதி அங்கே இன்னும் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

முதல் துண்டு 1975இல் சவுத் மிம்ஸுக்கும் பொட்டர்ஸ் பாருக்கும் இடையே திறந்தது. கடைசித் துண்டை 1986 ஒக்டோபர் 29இல் மார்கிரட் தட்சர் திறந்துவைத்தார். குறை சொல்கிறவர்களுக்கு அன்றைக்கே அவர் மேடையில் ஒரு சூடு கொடுத்தார். ஆனால் குறை சொன்னவர்களின் கணக்குத்தான் சரி வந்தது. நாளுக்கு 88,000 வாகனம் என்று கணித்துப் போட்ட ரோட்டில், 1993இலேயே 2,00,000 ஓடியது.

அன்றிலிருந்து அகலப்படுத்துகிற வேலை ஓயவில்லை. ஹீத்ரோ ஐந்தாம் முனையம் வருகிறதென்று 2005இல் 14ஆம், 15ஆம் சந்திகளுக்கு நடுவே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆறு நிரை ஆக்கினார்கள். அதற்குச் சற்றுத் தெற்கே, ரன்னிமீடில் தேம்ஸைக் கடக்கிற இடத்தில் இரண்டு பாலங்கள் ஒட்டி நிற்கின்றன. அதில் செங்கல் முகத்தோடு இருக்கிற பழைய பாலத்தை வரைந்தவர் எட்வின் லட்யென்ஸ், புது டெல்லியைக் கட்டிய அதே ஆள். அவர் இறந்து பல வருடம் கழித்து, 1961இல்தான் அது திறந்தது. எழுபது மைல் வேகத்தில் அந்தச் செங்கலை யார் பார்க்கப் போகிறார்கள்? நாற்பதில் நகர்ந்தால் வடிவாய்த் தெரியும்.

நாற்பது என்றதும் தலைக்கு மேலே மினுங்குகிற வேக எண்களைச் சொல்ல வேண்டும். 1995இல் இந்த ரோட்டின் மேற்குப் பக்கத்தில்தான் அது தொடங்கியது. யாரோ ஒருவர் அறையிலிருந்து விளையாடுகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் ரோட்டே கேட்கிறது. தாருக்குள் கம்பி வளையங்கள் புதைந்திருக்கின்றன. மேலே போகிற வாகனங்கள் மெதுவானால் அவை சொல்லிவிடும், பின்னால் வருகிறவர்களுக்கு எண் தானாகக் குறையும். முன்னால் ஒருவர் பிரேக் அடிக்க, அது பின்னோக்கி அலையாய் ஓடி, இரண்டு மைல் தள்ளி எல்லாரும் காரணமில்லாமல் நிற்பதைத் தடுப்பதற்காக. மேல் தாரைச் சுரண்டி எடுக்கிறபோது அந்தக் கம்பிகளும் அறுந்துபோகும். திரும்ப வெட்டிப் புதைக்க வேண்டும்.

இந்தச் சுரண்டல் வேலை எல்லாம் நான் ஓடுகிற நேரத்தில்தான். இரவு ஒன்பது, பத்து மணிக்குக் கூம்புகள் இறங்கும். ஒரு மெசின் பழைய தாரைக் கடித்து லொறிக்குள் துப்பும். பின்னால் புதுத் தார் வரும், கொதிக்கக் கொதிக்க. ஆறுவதற்குள் உருளை ஏற வேண்டும். மழையோ கடும் குளிரோ வந்தால் அந்த இரவு வீண். பிறகு கோடு, அதன்பிறகு பூனைக்கண், வெளிச்சம் பட்டால் மினுங்குகிற சின்னக் குமிழ்: நிரைக்கு வெள்ளை, இடது ஓரத்துக்குச் சிவப்பு, நடுத்தடுப்புப் பக்கம் மஞ்சள், இறங்குவழி வாயில் பச்சை. மழை இரவில் கோடு மறைந்த பிறகும் அந்த நிறங்களைப் பிடித்துக்கொண்டே ஓடலாம். விடிய ஐந்து, ஆறு மணிக்குக் கூம்புகள் எழும்பிவிடும். பகல்காரர்கள் "இரவு முழுக்க மூடி வைச்சிட்டு ஒண்டும் செய்யேல்லை" என்பார்கள்.

பராமரிப்பை 2009இல் முப்பது வருட ஒப்பந்தமாக ஒரு கூட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். அது நல்லதா கூடாதா என்பதில் எனக்கு அபிப்பிராயம் இல்லை. மூடியிருக்கிறது என்று தலைக்கு மேலே சிவப்புப் பெருக்கல் குறி போட்ட நிரையில் துணிந்து ஓடுகிறவர்களைப் பற்றி மட்டும் பலத்த அபிப்பிராயம் உண்டு. அந்தக் குறிக்கு அப்பால் ஒருவன் சவளோடு குனிந்து நிற்பான். பிடிபட்டால் 100 பவுண், உரிமத்தில் மூன்று புள்ளி. என்னைக் கேட்டால் மிகக் குறைவு.

2024 மார்ச்சில் விஸ்லி பக்கம், 10க்கும் 11க்கும் இடையே, வெள்ளி இரவிலிருந்து திங்கள் விடிய வரை முழுதாக மூடினார்கள். திட்டமிட்டுப் பகலிலும் மூடியது 1986க்குப் பிறகு அதுவே முதல் தடவை. பழைய பாலம் ஒன்றை இடித்தார்கள். உலகம் முடியப்போகிறது என்று செய்திகள் அலறின. கடைசியில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சனம் வீட்டில் இருந்துவிட்டது.

வளையம் என்கிறோமே, அதுகூட முழுசில்லை. டார்ட்ஃபோர்டில் ஆற்றைக் கடக்கிற துண்டு சட்டப்படி எம் 25 அல்ல, ஏ 282. வடக்கே போக 1963இலும் 1980இலும் திறந்த இரண்டு சுரங்கங்கள், தெற்கே வர 1991இன் பாலம். கடுங்காற்று அடித்தால் பாலத்தை மூடி, ஒரு சுரங்கத்தைத் தெற்குப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அன்றைக்கு எசெக்ஸ் கடைகளுக்கு மரக்கறி எப்போது போகும் என்று கேட்கக் கூடாது. கட்டிய கடன் அடைந்த பிறகும் கட்டணம் நிற்கவில்லை. காருக்கு 2.50 பவுணாக இருந்தது 2025 செப்டெம்பரில் 3.50 ஆனது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை இலவசம். இரவு வேலைக்கு அது ஒரு லாபம்.

இனிக் கிரேவ்செண்டுக்குக் கிழக்கே, ஆற்றுக்கு அடியால் புதிய சுரங்கம் வரப்போகிறது. 2025 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. வடக்குப் பக்கத்தில் எம் 25ஓடு வந்து சேரும். கடைக்கார அண்ணையிடம் சொன்னேன். பெட்டிகளை எண்ணிக்கொண்டே, "அதுக்கும் காசு எடுப்பினமோ?" என்றார். எடுப்பார்கள் அண்ணை, எடுப்பார்கள்.