ஏஐ எங்கள் பட்டறைக்குள் வந்த விதம்

தொழிற்கல்வியில் எலெக்ட்ரிக்கல் பிரிவு ஆசிரியன் நான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு எங்கு பார்த்தாலும் அதே பேச்சு. எங்களுக்கு வந்தது ஒரு சுற்றறிக்கை: எல்லா ஆசிரியர்களும் இனி செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த வேண்டும், மாதக் கடைசியில் அறிக்கை தர வேண்டும். பயிற்சி கிடையாது, அதற்கென்று நேரமும் கிடையாது. பட்டறைக்குள் இணையமே சரியாக எடுக்காது. அறிக்கைகள் தவறாமல் போயின. வகுப்பில் எதுவும் மாறவில்லை.

எங்கள் தொழிற்பள்ளிக்கு அடுத்து வந்த முதல்வர் பட்டறைக்கே வந்தார். "உங்க வேலையில எது அதிகமா நேரத்தைத் தின்னுது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஜாப் ஷீட், அதாவது மாணவர் செய்ய வேண்டிய வேலையைப் படிப்படியாகச் சொல்லும் தாள் எழுதுவது என்றார் வெல்டிங் ஆசிரியர். ஒரே சர்க்யூட்டை மாணவர்களின் நிலைக்கேற்ப விதவிதமாக விளக்கி எழுதுவது என்றேன் நான். அங்கிருந்தே தொடங்கினோம். வாரத்தில் ஒரு பிற்பகலைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கினார். அந்த நேரத்தில் வேறு வகுப்புக்கு எங்களை அனுப்பவும் விடவில்லை. என்னைக் கேட்டால், அவர் செய்ததில் இதுதான் பெரிது.

ஒரு பிற்பகல் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டருக்கு ஏஐயிடம் ஜாப் ஷீட் கேட்டேன். மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் குறைந்த கரண்டில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் கருவி அது. முழுச்சுமையில் 15 ஆம்பியர் எடுக்கும் மோட்டார். கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயை 15-ல் வைக்கச் சொன்னது ஏஐ. எங்கள் போர்டில் ரிலே, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான மெயின் கான்டாக்டருக்குக் கீழே, வைண்டிங்கோடு (மோட்டாரின் கம்பிச்சுருளோடு) தொடராக இருக்கிறது. டெல்டாவில் ஓடும்போது அதன் வழியே போவது, சப்ளையிலிருந்து வரும் லைன் கரண்டில் 0.58 பங்குதான், அதாவது சுமார் 8.7 ஆம்பியர். 15-ல் வைத்தால், மோட்டாருக்குச் சுமை மிஞ்சும்போது ரிலே நேரத்துக்கு டிரிப் ஆகாது, வைண்டிங் எரிந்துவிடலாம்.

"இதுக்குத்தான் பயந்தேன்" என்றார் வெல்டிங் ஆசிரியர். முதல்வர் திட்டத்தை நிறுத்தவில்லை, அவர் பயத்தைத் தட்டிக்கழிக்கவும் இல்லை. அந்த ஷீட்டை அப்படியே மாணவர்களிடம் கொடுத்துத் தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லலாமா என்று கேட்டார். கொடுத்தோம். ரிலே எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு பையன் போர்டுக்கே எழுந்து போனான். அதற்குப் பிறகு பொறுப்பு ஆசிரியர் கையெழுத்து இல்லாமல் எந்த ஏஐ ஷீட்டும் பெஞ்சுக்குப் போகாது, மாணவர் பெயரையோ மதிப்பெண்ணையோ ஏஐயில் தட்டச்சு செய்யக் கூடாது என்று விதி வைத்தார். வெல்டிங் ஷீட்டுகளைச் சரிபார்க்கும் பொறுப்பு அந்த ஆசிரியருக்கே போனது. இப்போது அவரே ஷீட் கேட்டு வாங்கி, சிவப்புப் பேனாவோடு உட்கார்கிறார்.

புதிய கருவியை ஒருவர் ஏற்பது, அது பயன்படுமா, கையாள எளிதா என்ற இரண்டைப் பொறுத்தது என்று 1989-ல் ஃப்ரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் எழுதினார். 2003-ல் வெங்கடேஷும் சக ஆய்வாளர்களும் அதையும் அதுபோன்ற வேறு பல கோட்பாடுகளையும் இணைத்தபோது, சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பும் கிடைக்கும் வசதிகளும் அதில் இடம்பெற்றன. பள்ளியில் இந்தக் கடைசி இரண்டும் பெரும்பாலும் தலைமையின் கையில்தான். முந்தைய சுற்றறிக்கையில் எதிர்பார்ப்பு மட்டும் இருந்தது.

தீராத சிக்கல் ரெக்கார்டு நோட்டு. மாணவர்கள் அதை ஏஐயிடம் எழுதி வாங்கி வந்துவிடுகிறார்கள். நோட்டுக்கான மதிப்பெண்ணைக் குறைத்து, போர்டின் முன் நிற்கவைத்துக் கேட்கும் வாய்மொழித் தேர்வுக்குக் கூட்டலாம் என்று சொல்லியிருக்கிறோம். முதல்வர் ஒப்புக்கொண்டார், கேள்விகளை இப்போது நாங்கள் எழுதிக்கொண்டிருக்கிறோம்.