சோர்ஸில் தப்பு

"அக்கா, ஓரமாப் போற கதிரெல்லாம் லென்ஸுக்குள்ள இருந்தே கிளம்புற மாதிரி தெரியுதுங்க."

என் ஜூனியர் கேட்டது இவ்வளவுதான். நான் திரையைப் பார்க்காமல் பதில் சொல்லவில்லை. பார்த்தேன். தெருவிளக்கு லென்ஸ் ஒன்றுக்குள் எல்இடியின் ஒளி எப்படிப் போகும் என்று கணினியில் சிமுலேஷன் செய்துகொண்டிருந்தோம். அதைக் காட்டும் லேஅவுட் படத்தில் நூறு கதிர்களை மட்டும் வரைய வைத்திருந்தோம். எல்இடியிலிருந்து விசிறி போல விரிந்து மேலே போயின. "இந்த சைஸ்ல அப்படித்தான் தெரியும்டா. ரே ஃபைல் எல்இடி கம்பெனிக்காரங்களே அளந்து குடுத்தது. அதுல நாம கை வைக்க வேண்டாம்" என்றேன். அன்று சாயங்காலத்துக்குள் அந்த லென்ஸின் டிராயிங், மோல்டு செய்யும் டூல் ரூமுக்குப் போயாக வேண்டும்.

நான் சொன்னதில் பாதி சரி. எல்இடியைச் சுற்றிக் கேமராவை நகர்த்தி அளந்து, லட்சக்கணக்கான கதிர்களாக எழுதித் தருவதுதான் ரே ஃபைல். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே பிரகாசம் என்று வைத்துக்கொள்ளும் லாம்பர்ஷியன் சோர்ஸை, அதாவது ஒளிமூலத்தை, நாமே வரையறுப்பதைவிட அது நிஜத்துக்கு நெருக்கம். ஆனால் அந்தக் கதிர்கள் எல்இடிக்குள் ஒளி பிறக்கும் சிப்பிலிருந்தே கிளம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. எங்கள் ஃபைலில் அவை எல்இடியை மூடிய 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் மேல் ஆரம்பித்தன. எங்கள் லென்ஸின் உள்குழியோ ஒரு பக்கம் ஒடுங்கியது. அங்கே சுவர் 2.6 மில்லிமீட்டரிலேயே வந்துவிடும். மேலே போகும் கதிர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கவாட்டில் போனவை லென்ஸின் அக்ரிலிக்குக்கு உள்ளேயே பிறந்தன. உள்சுவரில் திரும்ப வேண்டியவை திரும்பாமல் போயின. இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெளிச்சம் தர வேண்டியவையும் அந்தக் கதிர்கள்தான்.

தீர்வு ஒரே ஒரு எண். கதிர்களின் தொடக்கத்தைச் சில மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ள மென்பொருளிலேயே கட்டம் இருக்கிறது. அதில் பூஜ்யமே இருந்தது.

அவன் கேட்காமலே இருந்திருந்தாலும் நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். அக்ரிலிக் லென்ஸில் ஒளி நுழையும்போது சுமார் 4 சதவீதம் போகும், வெளியேறும்போது இன்னொரு 4. ஆக, 92-ஐத் தாண்டுவது கஷ்டம். சிமுலேஷனில் வெளியே வரும் ஒளியைக் கணக்கிடும் டிடெக்டர் 92.8 காட்டியது. கதிர்களில் ஒரு பங்கு முதல் பரப்பையே சந்திக்கவில்லை என்று அந்த எண்ணே சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்து, டிசைன் நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பதினோரு வருட அனுபவம் என்பதை அந்த இடத்தில் எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

மோல்டு வந்து, முதல் சாம்பிளை அளந்தோம். சாலை விளக்குகளுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1944 பிரதான சாலைக்குக் கேட்பது, குறைந்தபட்ச வெளிச்சம் சராசரியில் 0.4 பங்காவது இருக்க வேண்டும் என்று. சிமுலேஷனில் 0.46. கையில் வந்தது 0.33. கம்பங்களுக்கு நடுவே ஒரு இருட்டுப் பட்டை.

மறுநாள் மீட்டிங்கில் மேலாளர் என்னைப் பார்த்து, "என்னாச்சு?" என்றார். "சோர்ஸ்ல தப்பு இருந்துது சார்" என்றேன்.

நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த வாக்கியத்தில்தான். பொய் இல்லை. நாங்கள் சோர்ஸை வைத்த விதத்தில்தான் தப்பு. ஆனால் அந்த அறையில் எல்லோரும் எல்இடி கம்பெனி கொடுத்த ஃபைலில் தப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று வாயைத் திறக்கும்போதே எனக்குத் தெரியுமா? தெரியாது என்றே பல நாள் சொல்லிக்கொண்டேன். மேலாளர் "அவங்களுக்கு ஒரு மெயில் போட்டுடுங்க" என்றபோது நான் தலையாட்டினேன். அந்த மெயிலை நான் அனுப்பவேயில்லை. அதனால் யாருக்கும் பழி போகவில்லை என்பதும் உண்மை.

அவன் மேசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான், பிறகு நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். "நான் அன்னைக்கே சொன்னேனேங்க" என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லாதது மரியாதையா, பயமா? அவனைக் காப்பாற்றத்தான் விவரம் சொல்லவில்லை என்றும் ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். அவனைக் காப்பாற்ற அங்கே ஒன்றுமே இல்லை. அவன் சரியாகத்தான் சொன்னான். அது வெளியே தெரிந்திருந்தால் அவனுக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு செக்‌ஷீட் போட்டேன். ஃபைல் பெயர், தேதி, கதிர்களின் எண்ணிக்கை, மொத்த லுமென், எல்இடியின் நீல ஒளிக்கும் மஞ்சள் ஒளிக்கும் தனி ஃபைலா, தொடக்கப் பரப்பு எங்கே, எந்த சோர்ஸ் அணைத்து வைத்திருக்கிறது என்று பதினோரு வரி. நல்ல ஷீட்தான். அதற்கு அப்புறம் இந்தத் தப்பு எங்களிடம் வரவில்லை. ஆனால் அவன் எந்த ஷீட்டையும் பார்த்துக் கேட்கவில்லையே. உள்குழி திரை முழுக்க வரும்வரை பெரிதாக்கி, கண்ணால் பார்த்துத்தான் கேட்டான். அவன் இப்போது வேறு ஊரில், வேறு வேலையில் இருக்கிறான்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஷீட்டைக் கொண்டுவந்தான். பதினோரு வரியிலும் டிக். நான் லேஅவுட்டைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். கதிர்கள் எல்லாம் குழிக்குள்ளிருந்தே கிளம்பின. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்தானா என்று நான் கேட்கவில்லை.